ஸ்காட்லாந்து அரச வம்சாவளி: தாயின் பெயரை விட்டுவிடாதீர்கள்

ஸ்காட்லாந்து அரசி மேரியையும் மரே பிரபு ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டையும் பற்றித் தமிழில் எழுதுவோர் பலர் மரேயை மேரியின் 'ஒன்றுவிட்ட சகோதரர்' என்று எழுதிவிடுகிறார்கள். ஒன்றுவிட்ட சகோதரர் என்றால் சித்தப்பா, பெரியப்பா பிள்ளை. மரே, மேரியின் சொந்தத் தந்தை ஐந்தாம் ஜேம்ஸுக்கே பிறந்தவர், தாய்தான் வேறு. இந்த ஒரு சொல் பிசகினால் அரியணைப் போட்டி முழுவதும் தப்பாகப் புரியும்.

அடுத்த சிக்கல் பெயர். 16ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் என்ற பெயரில் மரே பிரபுக்கள் பலர் இருந்தார்கள். அவர்களில் இருவர் திருமணத்துக்கு வெளியே பிறந்த அரச பிள்ளைகள். 1544இல் இறந்தவர் நான்காம் ஜேம்ஸின் மகன். தாய் ஜேனட் கென்னடி. 1570இல் கொல்லப்பட்டவர் ஐந்தாம் ஜேம்ஸின் மகன். தாய் மார்கரெட் எர்ஸ்கின். தந்தை பெயரை மட்டும் குறித்தால் குழப்பம் தீராது. தாயின் பெயரையும் எழுதுங்கள்.

இப்படிப் பிறந்தவர்கள் ஒதுக்கி வைக்கப்பட்டார்கள் என்று எண்ணுவதும் தவறு. ஐந்தாம் ஜேம்ஸ் போப்பாண்டவரின் அனுமதியோடு தம் சின்னஞ்சிறு மகன்களுக்குப் பெரிய மடங்களின் வருமானத்தை எழுதிவைத்தார். செயின்ட் ஆண்ட்ரூஸ் மடம் 1538இல் மரேக்குக் கிடைத்தபோது அவருக்கு ஏழு வயது இருக்கும். செல்வமும் செல்வாக்கும் வந்தன. அரியணை உரிமை மட்டும் வரவில்லை.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான்: ஸ்காட்லாந்துப் பெண்கள் மணமான பிறகும் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரையே வைத்துக்கொண்டார்கள். லாக்லெவன் கோட்டையின் ராபர்ட் டக்ளஸை மணந்தபின்னும் மார்கரெட், எர்ஸ்கின்தான். இது தெரியாதவர்கள் 'எர்ஸ்கின்' என்பதைப் பார்த்ததும் அவரை டக்ளஸ் குடும்பத்தோடு சேர்ப்பதில்லை. அங்கேதான் கதையின் முடிச்சே இருக்கிறது. 1567 ஜூனில் மேரியைச் சிறை வைத்தது அந்த ஏரித் தீவுக் கோட்டையில்தான். அரசி அடைபட்டிருந்தது தன் தந்தையின் பழைய காதலி வாழ்ந்த வீட்டில். அந்த அம்மாளின் மகன் மரே, ஆகஸ்டில் நாட்டின் ஆட்சிப் பொறுப்பாளரானார். கோட்டைக்குப் பொறுப்பான வில்லியம் டக்ளஸ், மரேயோடு ஒரே வயிற்றில் பிறந்தவர். மேரியைத் தப்பவைக்கத் துணை நின்ற ஜார்ஜ் டக்ளஸும் அதே தாயின் பிள்ளை! 1568 மே 2 அன்று, வில்லி டக்ளஸ் என்ற சிறுவன் சாவியைக் கைப்பற்றிப் படகில் அரசியை அக்கரை சேர்த்தான். தாய்வழியைப் பார்க்காதவர்களுக்கு இது வெறும் சிறை உடைப்பு. பார்த்தவர்களுக்கு ஒரு குடும்பம் இரண்டாகப் பிளந்த இரவு.

தேதியிலும் கவனம் வேண்டும். 1600க்கு முன் அங்கே புத்தாண்டு மார்ச் 25இல் பிறந்தது. மரே லின்லித்கோவில் சுடப்பட்டது நம் கணக்கில் 1570 ஜனவரி 23. அன்றைய கணக்கில் அது 1569. ஆவணத்தில் அப்படிக் கண்டால் பிழை என்று அடித்துவிடாமல் 1569/70 என்று குறித்துக்கொள்ளுங்கள்.