நியூசிலாந்திலேயே தங்கிவிட்ட பிரிட்டிஷ் சிப்பாயைத் தேடுவது எப்படி?

முதலில் அவர் இருந்த ரெஜிமென்ட்டை, அதாவது படைப்பிரிவைக் கண்டுபிடியுங்கள். அது தெரியாவிட்டால் நூறு ஜான் ஸ்மித்களுக்கு நடுவே மாட்டிக்கொள்வீர்கள். திருமணப் பதிவு, குழந்தையின் ஞானஸ்நானப் பதிவு, பழைய செய்தித்தாளின் மரண அறிவிப்பு, கல்லறைக்கல் ஆகியவற்றில் ஏதாவதொன்றில் '58ஆம் ரெஜிமென்ட்' என்பதுபோல் சிக்கலாம்.

அடுத்து, லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் 'டபிள்யூ.ஓ. 97' என்ற சிப்பாய்களின் பணிப்பதிவுத் தொகுப்பு (டபிள்யூ.ஓ. என்றால் வார் ஆபீஸ், பிரிட்டனின் போர்த்துறை). பிறந்த ஊர், தொழில், உயரம், விலகிய காரணம் எல்லாம் அதில் உண்டு. பலர் தடுக்கி விழுவது இங்கேதான்: 1883க்கு முந்தைய தாள்கள் பெரும்பாலும் பென்ஷனோடு விலகியவர்களுடையவை. பணம் கட்டி விலகியவர், ஓடிப்போனவர், பணியில் இறந்தவர் பெயர் கிடைக்காது. அவர்களுக்கு 'டபிள்யூ.ஓ. 12' சம்பளப் பட்டியல்தான் வழி. காலாண்டு காலாண்டாகப் புரட்டி, பெயர் மறையும் இடத்தைப் பாருங்கள். அலுப்பான வேலைதான், விலகிய இடமும் தேதியும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

1847 முதல் 1852 வரை ஆக்லாந்துப் பக்கம் ஹோவிக், ஒனிஹங்கா, பன்மூர், ஒட்டாஹுஹுவில் குடியேறிய ஃபென்சிபிள்கள் (காவலுக்காகக் குடியேற்றப்பட்ட முன்னாள் சிப்பாய்கள்) ஏற்கெனவே பென்ஷன் வாங்கியவர்கள். அவர்களை 'ஃபென்சிபிள்' என்று தேடாதீர்கள்; கப்பலேறுவதற்கு முன் இருந்த பழைய ரெஜிமென்ட்டின் கீழ் தேடுங்கள். வயதை மட்டும் நம்பிவிடாதீர்கள், படையில் சேரும்போது கூட்டிச் சொன்னவர்கள் நிறைய.