விரிப்புக் காயுமுன் பறவை ஏறக்கூடாது: குறோசே விரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரிவிக்கு மேலும் ரீப்போவிலும் விரிக்கிற தட்டையான குறோசே விரிப்பு இப்போது பலருக்குப் போதவில்லை. நடுவில் ஒரு மயில் நிமிர்ந்து இருக்க வேண்டும், ஓரத்தில் நாலு கிளி உட்கார வேண்டும் என்கிறார்கள். கிளிநொச்சியில் கிளி கேட்காமல் வேறு எங்கே கேட்பது! ஆனால் பறவை ஏறியதும் வேலையின் கணக்கே மாறிவிடுகிறது. பழகவரும் பிள்ளைகள் விடுகிற பிழைகளைப் பார்த்தால், முன்பு பழகியவர்கள் விட்ட அதே பிழைகள், அதே ஒழுங்கில்.

சங்கிலி முறுக்கிக்கொள்வது, கண் (ஒவ்வொரு பின்னல் முடிச்சு) எண்ணத் தவறுவது, வட்டத்தை மூடுகிற ஸ்லிப் கண்ணை மறப்பது போன்ற அரிவரிப் பிழைகளை இங்கே எழுதவில்லை. இரண்டு விரிப்புப் பின்னினால் அவை தாமாகப் போய்விடும். கீழே இருப்பவை பத்தாவது விரிப்பிலும் ஆட்கள் விடுகிறவை.

எந்த நாட்டுப் பற்றன் (பின்னல் குறிப்பு) என்று பாராமல் தொடங்குவது

பிரித்தானியப் பெயர்களும் அமெரிக்கப் பெயர்களும் ஒரு படி தள்ளி நிற்கின்றன. பிரித்தானியர் ‘டபிள்’ என்பது அமெரிக்கருக்கு ‘சிங்கிள்’. பிரித்தானிய ‘ட்ரெபிள்’ அமெரிக்கருக்கு ‘டபிள்’. பிரித்தானிய ‘டபிள் ட்ரெபிள்’ அமெரிக்கருக்கு வெறும் ‘ட்ரெபிள்’. பற்றனில் ‘சிங்கிள் குறோசே’ என்ற சொல் எங்காவது இருந்தால் அது அமெரிக்கப் பற்றன்தான். இப்போதைய பிரித்தானியப் பற்றனில் அந்தச் சொல் வராது. குறோசே ஊசியைத் தொடமுன் இதை ஒருமுறை தேடிப் பாருங்கள். கீழே வருபவை பிரித்தானியப் பெயர்கள்: குட்டைக் கண் என்றால் ‘டபிள்’, நெட்டைக் கண் என்றால் ‘ட்ரெபிள்’.

பாராமல் தொடங்கினால் என்ன நடக்கும்? அமெரிக்கப் பற்றன் ‘டபிள்’ என்கிற இடத்தில், பிரித்தானிய முறையில் பழகியவர் குட்டைக் கண் போடுவார். வட்டத்தின் உயரம் பாதிக்கும் குறைவாகிவிடும், கண்களின் எண்ணிக்கையோ நெட்டைக் கண்ணுக்குரியது. இடம் போதாமல் விரிப்பு அலையலையாகச் சுருங்கும். பிழை மறுபக்கமாக நடந்தால் பறவையின் உடல் நெட்டைக் கண்ணில் வந்து, இடைவெளியால் பஞ்சு எட்டிப் பார்க்கும்.

விரிப்புக்கும் பறவைக்கும் ஒரே ஊசி

நூலின் இலக்கம் கூடக் கூட நூல் மெல்லிதாகும். 10 ஆம் இலக்கப் பருத்தி நூலில் விரிப்புக்கு 1.5 அல்லது 1.75 மில்லிமீற்றர் ஊசி சரி. அதே நூலில் பறவைக்கு 1.25 வேண்டும். 20 ஆம் இலக்க நூல் என்றால் விரிப்புக்கு 1.25, பறவைக்கு 1.0. விரிப்பு விழுந்து படிய வேண்டும். பறவையின் தோல் இறுக வேண்டும். ஒரே ஊசியால் இரண்டையும் பின்னினால் ஒன்று நிச்சயம் கெடும்.

பறவையின் உடலைக் குட்டைக் கண்ணில், வட்டத்தை மூடாமல் சுருளாகப் பின்னுங்கள்: 6, 12, 18, 24, 30, 36 கண் என்று கூட்டி, பிறகு எட்டுப் பத்துச் சுற்று கூட்டாமல் போனால், 10 ஆம் இலக்க நூலில் ஏறத்தாழ 3 சென்ரிமீற்றர் அகலமான உடல் கிடைக்கும். பின்னியதை விரலில் மாட்டி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். விரல் தெரிந்தால் பஞ்சும் தெரியும். பச்சைக் கிளிக்குள் வெள்ளைப் பஞ்சு தெரிந்தால் கிளிக்குப் பொடுகு வந்த மாதிரி இருக்கும். அப்படி வந்துவிட்டால் பஞ்சை அதே நிறப் பழந்துணியில் பொதிந்து அடையுங்கள்.

இலவம் பஞ்சு வேண்டாம். நனைந்தால் கட்டிபடும், பிறகு உதறினாலும் பிரியாது. தலையணைக்கு அடைகிற பொலியெஸ்ரர் பஞ்சே போதும்.

"குத்தி இழுத்தால் சரிவரும்"

வராது. குட்டைக் கண்ணில் தட்டையான வட்டத்துக்குச் சுற்றுக்கு 6 கண் கூட்ட வேண்டும், அரை ட்ரெபிளில் 8, ட்ரெபிளில் 12. குறைந்தால் கோப்பை மாதிரிக் குழியும், கூடினால் ஓரம் நெளியும். இலேசாகக் குழிந்ததைக் குண்டூசி குத்தி இழுத்துக் கொஞ்சம் சமாளிக்கலாம். நெளிந்ததை எங்கே தள்ளுவது? மிஞ்சிய நூல் எங்கும் போகாது. மூன்று சுற்றுக்கு ஒருமுறை மேசையில் போட்டுப் பாருங்கள். நெளிவு தெரிந்த இடத்திலேயே பிரியுங்கள்.

பறவையைச் சங்கிலி வலையில் இருத்துவது

சங்கிலி வளையங்கள் பாரம் தாங்கா. அதில் பறவையைத் தைத்தால் நாலு வளையம் மட்டும் கீழே இழுபட்டு, பறவை ஒருபக்கம் சாயும். பறவை இருக்கப்போகிற இடத்தில் நெருக்கமான ட்ரெபிள் மெத்தை ஒன்று வேண்டும். நடுப்பறவைக்கு 12, 24, 36 என்று மூன்று சுற்று நெருக்கமாகப் பின்னி, அதன் பிறகே வலையைத் தொடங்குங்கள். ஓரப்பறவைகளுக்கு, அவை வரும் இடங்களில் அன்னாசிப்பூ மாதிரியோ இலை மாதிரியோ அடர்ந்த பகுதி விழுகிற பற்றனைத் தெரிவு செய்யுங்கள்.

எண்ணிக்கையும் இங்கேதான் இடிக்கும். 12 பிரிவு விரிப்பில் இரண்டு, மூன்று, நாலு, ஆறு பறவை சமமாக உட்காரும். ஐந்து உட்காராது. ஐந்து கிளி பின்னி வைத்துக்கொண்டு யோசிப்பதில் பயனில்லை.

பறவையைத் தைத்த பிறகு கழுவிக் கஞ்சி போடுவது

இதைச் சொல்லிச் சொல்லியே வாய் நோகிறது. விரிப்பைக் குறை சொல்ல இடமில்லாமல் பின்னி முடிப்பார்கள். மீன்கொத்தியையும் பின்னி, பஞ்சு அடைந்து, மண்ணிறத் தலை, வெள்ளைத் தொண்டை, நீல முதுகு, சிவப்பு அலகு எல்லாம் பொருத்தி, நடுவில் இறுக்கித் தைத்தும் விடுவார்கள். அதற்குப் பிறகுதான் வந்து கேட்பார்கள்: "அக்கா, குருவியைத் தைச்சுப்போட்டன். இனிக் கஞ்சி போட்டுக் காயவிட்டாச் சரிதானே?"

சரியில்லைத் தங்கச்சி. நூல் வாங்கின அன்றைக்கே கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது.

தண்ணீரில் போட்டதும் பறவையின் வயிறு கடற்பஞ்சு மாதிரி நீரைக் குடிக்கும். தூக்கும்போது அந்தப் பாரம் முழுவதும் சுற்றியிருக்கிற வலையில் தொங்கும். நனைந்த பருத்தி எப்படி இழுபடுகிறதோ அப்படியே காயும், நடு தொய்ந்துவிடும். குண்டூசி குத்தி விரிக்கலாம் என்றால் பறவைக்குக் கீழே ஊசி போகாது. அயன் பெட்டியும் போகாது. கடைசியில் ஓரம் மட்டும் நட்சத்திரம் மாதிரி நிற்க, நடு கசங்கிய கைலேஞ்சி மாதிரிக் கிடக்கும்.

கஞ்சியும் வயிற்றுக்குள் இறங்கும். சோளகம் வீசுகிற மாதங்களில் எப்படியோ காய்ந்துவிடும். ஒக்ரோபரில் மழை பிடித்த பிறகு அது நடவாது. வெளியே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் அப்படியே கிடக்கும். சில நாளில் புளித்த மணம் வரும், பிறகு கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சணம் உள்ளிருந்து வெளியே வரும். அதைக் கழுவப்போனால் திரும்பவும் அதே ஈரம்.

இவ்வளவையும் பொறுத்துக்கொள்ளலாம். சாயத்தைப் பொறுக்க முடியாது. சிவப்பும் கருநீலமும் கடும்பச்சையும் நனைந்தால் இறங்கக்கூடிய நிறங்கள். அலகின் நுனியிலிருந்து ரோஸ் கீற்று ஒன்று வெள்ளைத் தொண்டையில் இறங்கி, அங்கிருந்து விரிப்பின் ட்ரெபிள் வரிசைகளில் ஒவ்வொரு கண்ணாக ஏறிப் பரவும். உடனே குளோரின் வெளுப்பியைத் தேடி ஓடுவார்கள். வெளுப்பி விரிப்பை வெளுக்கும், கூடவே மீன்கொத்தியின் முதுகையும் வெளுக்கும். சரி, பறவையைக் கழற்றுவோம் என்று கத்தரிக்கோலை எடுத்தால், வெள்ளை விரிப்பில் வெள்ளை நூலால் தைத்திருப்பார்கள். எது தையல் நூல், எது விரிப்பின் கண் என்று தெரியாது. ஒரு வளையத்தை மாறி வெட்டினால் போதும், பக்கத்துக் கண்கள் ஒவ்வொன்றாகப் பிரியத் தொடங்கிவிடும். 30 சென்ரிமீற்றர் விரிப்பு, இரண்டு கிழமை மாலைநேர வேலை, ஒரு வாளித் தண்ணீரில் போய்விடும்.

உப்பும் வினாகிரியும் போட்டால் சாயம் பிடித்துவிடும் என்று இப்போதும் சொல்லிக் கொடுக்கிறார்கள். பருத்தியில் சாயத்தை அவை நம்பும்படி பிடித்து வைப்பதில்லை. இறங்குகிற நூல் இறங்கியே தீரும். பின்னத் தொடங்கமுன் ஒவ்வொரு நிற நூலிலும் ஒரு சாண் வெட்டிச் சுடுநீரில் நனைத்து, வெள்ளைத் துணிக்குள் வைத்துக் கைகளால் அழுத்துங்கள். துணியில் நிறம் பட்டால் அந்த நூலை முழுதாகக் கழியாகச் சுற்றி, தண்ணீர் தெளியும்வரை திரும்பத் திரும்ப அலசுங்கள். ஐந்தாறு தரம் அலசியும் தெளியாவிட்டால் அந்த நூல் வெள்ளைக்குப் பக்கத்தில் வரக்கூடாது. ஏற்கனவே சாயம் இறங்கிவிட்டதென்றால் காயவிடாதீர்கள், சூடு காட்டாதீர்கள். உடனே குளிர்ந்த நீரில் அலசிக்கொண்டே இருங்கள். காய்ந்த பிறகு வழி குறைவு.

ஒழுங்கு இதுதான். முதலில் விரிப்பைத் தனியாகக் கழுவுங்கள். முறுக்கிப் பிழியாமல் துவாய்க்குள் சுருட்டி அழுத்தி ஈரத்தை எடுங்கள். வன்னிக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் கடினம். சவர்க்காரம் நுரைக்காமல் திரையும், கடும் நிற நூலில் வெண்படலம் படியும். கடைசி அலசலுக்கு மழைநீர் பிடித்து வைத்திருந்தால் நல்லது.

கஞ்சிக்கு, ஒரு மேசைக்கரண்டி கோன்ஃபிளவரைக் கால் கோப்பை குளிர்நீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கிற ஒரு கோப்பை நீரில் ஊற்றி, கண்ணாடி மாதிரித் தெளியும்வரை கிளறுங்கள். கை பொறுக்கும் சூட்டில் விரிப்பை அமிழ்த்தி, மிஞ்சியதை வழித்துவிடுங்கள். வலையின் இடைவெளிகளுக்குள் கஞ்சிப் படலம் நின்றால் ஊதியோ தட்டியோ உடைக்க வேண்டும், காய்ந்தால் கண்ணாடி ஒட்டின மாதிரித் தெரியும்.

பிறகு விரித்தல். ரிஜிஃபோம் பலகையின் மேல் ஒரு தாளை வைத்து, கவராயத்தால் வட்டங்களும் 30 பாகைக்கு ஒரு கோடும் பென்சிலால் கீறுங்கள். பேனை வேண்டாம், மை விரிப்பில் ஏறும். தாளுக்கு மேல் பொலித்தீன் போட்டு, நடுவைக் குத்தி, பிறகு மணிக்கூட்டில் 12, 6, 3, 9 என்று எதிரெதிராகக் குத்துங்கள். மிச்சம் எட்டும் அதற்குப் பிறகு. ஒரு பக்கத்திலிருந்து சுற்றிக்கொண்டு போனால் வட்டம் கோணும். துருப்பிடிக்காத குண்டூசியே வேண்டும். சாதாரண ஊசியை ஒருநாள் ஈரத்தில் விட்டால் ஒவ்வொரு பிக்கோ (ஓரத்துச் சிறு வளையம்) நுனியிலும் ஒரு துருப்பொட்டு மிஞ்சும். நிழலில், காற்று வருகிற இடத்தில் காயட்டும்.

பறவையின் செட்டை, வால் இரண்டையும் உடலில் தைக்கமுன் தனியாகக் கஞ்சியிட்டுத் தட்டையாகக் காயவையுங்கள். உடலுக்குக் கஞ்சியே வேண்டாம், பஞ்சு அடைந்த உடல் தானாக நிற்கும்.

விரிப்பு மொடமொடவென்று காய்ந்த பிறகுதான் பறவை அதில் ஏற வேண்டும். அதையும் நிரந்தரமாகத் தைக்க வேண்டியதில்லை. வயிற்றுக்குக் கீழே முக்கோணமாக மூன்று சின்னப் பிரஸ் பொத்தான், அதற்கு நேரே மெத்தையில் மூன்று. பறவை அசையாது, கழுவும்போது கழன்று வரும். தைத்தே தீருவேன் என்றால் தையல் நூலின் நிறம் விரிப்பின் நிறத்திலிருந்து ஒரு சாயல் மாறியிருக்கட்டும். பிரிக்கிற அன்றைக்கு உங்கள் விழியே வாழ்த்தும்.

வாலுக்குக் கட்டுக்கம்பி

துருப்பிடிக்கும். பழைய வயரிலிருந்து உரித்த செப்புக்கம்பி பச்சை பூக்கும். முல்லைத்தீவுப் பக்கம் கடைகளில் தடித்த தங்கூசி (மீன்பிடி நைலோன் நரம்பு) வாங்கலாம். வாலின் அல்லது செட்டையின் ஓரத்தில் அதை நூலோடு சேர்த்துப் பிடித்து, அதன் மேலேயே குட்டைக் கண் போட்டுக்கொண்டு போங்கள். வளைந்து நிற்கும், துருவும் இல்லை, கழுவலாம். இரு நுனியையும் அரை அங்குலம் மடித்து உடலுக்குள் விடுங்கள். மடிக்காத நுனி நாளடைவில் வெளியே வந்து கையைக் குத்தும்.

மயிலின் தோகை மட்டும் இதற்கு விலக்கு. தூக்கி விரித்த தோகை விரிப்பையே பின்பக்கம் இழுத்துக் கவிழ்க்கும். தோகை விரிப்பின் மேல் படுத்தபடி விழட்டும். மயில் மரத்தில் இருக்கும்போதும் தோகை தொங்கித்தான் கிடக்கிறது.

கிளியின் கழுத்து

வளையம் ஆண் கிளிக்குத்தான். சோடி பின்னும்போது இரண்டுக்கும் போட்டுவிடாதீர்கள்.

சீனிப் பாகில் விறைக்க வைப்பது

எறும்பு.

நிற்கிற கொக்கு

நூற்காலில் நிற்காது. இருக்கிற கொக்கைப் பின்னுங்கள்.

விழிக்கு மணி ஒட்டுவது

பசை வேண்டாம், தையுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் மணியையும் விட்டுவிட்டுக் கறுப்பு நூலில் முடிச்சுத் தையல் போடுங்கள்.

கஞ்சியோடு மடித்து அலுமாரியில் வைப்பது

கரப்பானுக்கும் இராமபாணப் பூச்சிக்கும் கஞ்சி சாப்பாடு. மடித்த இடத்தில் நூலும் முறியும். நாளாகப் பாவிக்காத விரிப்பைக் கஞ்சி போகக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, துணிக்கடையில் எறிகிற மட்டைக் குழாயில் சுற்றி வையுங்கள். பறவைகளைக் கழற்றித் தனிப் பெட்டியில் போடுங்கள், வால் மேலே பார்த்தபடி.