கடற்காற்று தின்ற பழைய ஹைலக்ஸை வீட்டிலேயே திருத்தி எடுப்பது

பின்னால் பெட்டி உள்ள பழைய கெப் ஒன்றை வாங்கி வீட்டில் வைத்தே திருத்தப் போகிறேன் என்று சொன்னால், கேட்கிற ஆக்கள் எல்லாரும் முதலில் விசாரிப்பது எஞ்சினைத்தான். கொழும்பில் அது இரண்டாவது கேள்வி. எஞ்சின் சாமான் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் இருக்கிறது, முழு எஞ்சினே வேண்டுமென்றாலும் தேடி எடுக்கலாம். கறள் தின்ற சேஸிக்கு அப்படி ஒரு வழி கிடையாது. வேறு சேஸி கிடைத்தாலும் அதன் இலக்கம் உங்கள் பதிவுச் சான்றிதழோடு ஒத்து வராது, பிறகு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு நடந்தே செருப்பு தேய்ந்துவிடும்.

நான் எடுத்தது எண்பதுகளின் டொயோட்டா ஹைலக்ஸ் சிங்கிள் கெப், 2எல் என்ற மாடல் டீசல் எஞ்சின், 2446 சீசீ. வெள்ளவத்தையில் காலி வீதிக்குக் கடல் பக்கமாக இறங்கும் ஒரு ஒழுங்கையில், ஆறு வருஷமாகப் படங்கு மூடி நின்ற வண்டி. படங்கு போட்டிருக்கிறதே, பரவாயில்லை என்றுதான் நானும் நினைத்தேன். உண்மையில் படங்குதான் அதைத் தின்றது. உப்பும் ஈரமும் கீழால் ஏறி, வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே அவிந்திருந்தது. நிறுத்தி வைக்கிறதென்றால் மேலே கூரை போட்டு நாலு பக்கமும் காற்றுக்கு விடுங்கள்.

வாங்கும் முன்பே மூன்று சாமான் கொண்டு போங்கள்: ஒரு காந்தம், ஒரு சின்னச் சுத்தியல், ஒரு பழைய ஸ்குரூ டிரைவர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று 2025 பெப்ரவரியில் திரும்பத் திறக்கும் வரைக்கும், ஓடக்கூடிய எந்தக் கெப்புக்கும் விலை இருந்தது. அதனால் பட்டி பூசி, பெயின்ட் அடித்து, பளபளவென்று விற்றுத் தள்ளிய வண்டிகள் இப்போதும் கை மாறிக்கொண்டிருக்கின்றன. காந்தத்தைக் கதவின் அடிப்பக்கம் வைத்துப் பாருங்கள், பிடிக்காமல் விழுந்தால் அங்கே இருப்பது தகரமில்லை, பட்டி. சேஸியைச் சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே போனால் நல்ல இரும்பு கணீரென்று சொல்லும், உளுத்த இடம் பலாப்பழத்தைத் தட்டினது போல மந்தமாகச் சத்தம் தரும். பின்பக்க வில் தகடுகள் சேஸியில் தொங்கும் இடங்களை விட்டுவிடாதீர்கள், சேறும் உப்பும் குந்தியிருப்பது அங்கேதான். பற்றரி வைக்கும் தட்டு, முன்கண்ணாடி ரப்பரின் கீழ் மூலைகள், கால் மிதிக்கும் தளம், இவையும் பார்க்க வேண்டும். தளத்தில் ரப்பர் விரிப்பைத் தூக்கச் சொல்லுங்கள். விற்கிறவர் தயங்கினால் நீங்களே தூக்குங்கள்.

நான் தூக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகு தூக்கினால், சாரதி காலடியில் ஒரு பிஸ்கட் டின்னை வெட்டி விரித்து ரிவெட் அடித்து, மேலே தார் பூசியிருந்தார்கள். தாரைச் சுரண்டச் சுரண்ட, டின்னில் இருந்த குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது. டின்னைக் கழற்றினால் நேரே முற்றத்துச் சீமெந்து தெரிந்தது.

சரி, வண்டி வந்துவிட்டது. உடனே சாவியைப் போட்டுத் திருகாதீர்கள். வருஷக்கணக்காக நின்ற டீசல் எஞ்சினைப் பற்றரியால் சுற்றினால் உள்ளே எது இறுகியிருக்கிறதோ அதை உடைத்துக்கொள்வீர்கள். குளோ பிளக் நாலையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு ஒரு நாள் விடுங்கள். பிறகு கிராங்க் போல்ட்டில் ஸ்பேனரைப் போட்டுக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள். இறுகி நின்றால் பலம் காட்டாமல் இன்னும் ஒரு நாள் பொறுங்கள். சுற்றினால் நல்லது, ஆனாலும் ஸ்டார்ட் பண்ண வேண்டாம். இந்த எஞ்சினில் இருப்பது டைமிங் பெல்ட், செயின் அல்ல. எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்று மீற்றர் சொல்வதை நம்பாமல் பெல்ட்டையும் அதன் டென்ஷனர் பெயாரிங்கையும் முதலில் மாற்றுங்கள். அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், அதற்குப் பிறகு நீங்கள் திருத்துவது கெப்பை அல்ல, சிலிண்டர் ஹெட்டை.

தாங்கியில் இருக்கிற பழைய டீசலை முழுதாக வடித்துவிடுங்கள். எனக்கு வந்தது கறுத்த பாணி போல இருந்தது. தாங்கியைக் கழற்றிக் கழுவி, பில்டரை மாற்றி, பில்டருக்கு மேலே உள்ள கைப்பம்பை அமுக்கிக் காற்றை வெளியேற்றி, இன்ஜெக்டர் குழாய் நட்டுகளைக் கொஞ்சம் இளக்கி வைத்து எஞ்சினைச் சுற்றினால் குமிழியோடு டீசல் வரும். குமிழி நின்றதும் இறுக்குங்கள். எஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிடும். ஒல்டனேட்டரின் பின்பக்கம் ஒரு சின்ன வெக்கியூம் பம்ப் இருக்கிறது, பிரேக்குக்கு உதவி அதிலிருந்துதான் வருகிறது. அதற்குப் போகும் ஒயில் குழாய் காய்ந்து வெடித்திருந்தால் ஒயிலும் போகும், பிரேக்கும் கல்லாகும். மலிவான குழாய், மறக்காமல் மாற்றுங்கள்.

பிரேக்கில் மிச்சம் பிடிக்க வேண்டாம். ரப்பர் ஹோஸ் எல்லாம் புதிது, வீல் சிலிண்டர் எல்லாம் புதிது. பிரேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் சாமான், பழையது குழாயை உள்ளுக்குள்ளிருந்தே கறளாக்கும். காற்றை எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஆகத் தூரத்தில் உள்ள பின் இடது சக்கரத்தில் தொடங்கி, கடைசியாக முன் வலதுக்கு வாருங்கள்.

பஞ்சிகாவத்தைக்குப் போகும்போது பழைய சாமானைக் கழுவிக் கையில் கொண்டு போக வேண்டும். போனில் எடுத்த படம் போதாது. ஒரே மாதிரித் தெரியும் இரண்டு பிரேக் சிலிண்டருக்குத் துவாரம் வேறு வேறாக இருக்கும், கவுன்டரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் பிடிபடும். ஒரு கடையில் வாங்குவதற்கு முன் நாலு கடை ஏறி இறங்குங்கள். ஜப்பானிலிருந்து வந்த பழைய இரும்புச் சாமானை நம்பலாம், பழைய ரப்பரை மட்டும் யார் தந்தாலும் வாங்காதீர்கள். அங்கே கிடைக்காவிட்டால் தெல்கந்தப் பக்கம் பாருங்கள்.

இனிக் கறள். எனக்கு நாலு மாதம் போனது இதில்தான். பின்பெட்டி சேஸியில் போல்ட்டால்தான் பூட்டியிருக்கிறது, கழற்றி நாலு பேர் தூக்கினால் வந்துவிடும். எனக்கு வந்தது இரண்டு போல்ட், மற்றவற்றைக் கிரைண்டரால் அறுத்தேன். மச்சான்மார் மூன்று பேரும் நானும் தூக்கினோம், அம்மா வாசலில் நின்று “இடுப்பு போகப் போகுது, போய் ஒரு புது வண்டி எடுங்கோவன்” என்று சொல்லிக்கொண்டே பிளேன்டீ கொண்டு வந்தா.

பெட்டி போனதும் சேஸி முழுவதையும் முதலில் நல்ல தண்ணீரால் கழுவுங்கள், கழுவிக் காயவிட்டுத் திரும்பக் கழுவுங்கள். உப்பு உள்ளே இருக்க மேலே என்ன பூசினாலும் ஒரு வருஷத்தில் குமிழ் போடும். பிறகு கம்பித் தூரிகையால் தேய்த்து, உளுத்த இடத்தை வெளிச்சமான இரும்பு வரும்வரை வெட்டி எடுங்கள். வெட்டக் கை நடுங்கும். பாதி கறளை விட்டுவிட்டு அதன் மேல் தகடு ஒட்டினால் ஒட்டினது தேறாது, வெல்டிங் பிடிக்க அங்கே இரும்பு இல்லை. தளத்துக்கு 1 மில்லிமீற்றர் தகடு போதும், சேஸிக்கு 3 மில்லிமீற்றர். தளத்தை ஒரே இழுவையில் ஒட்டினால் சூட்டுக்குத் தகடு அப்பளம் போல நெளியும், அங்கொரு பொட்டு இங்கொரு பொட்டாக மாறி மாறி வைத்து ஆறவிட்டுச் சேர்க்க வேண்டும். எனக்கு அந்தக் கை இல்லை, அதனால் தெரிந்த வெல்டிங் பாஸ் ஒருவரை மிக் வெல்டிங் மெஷினோடு வீட்டுக்குக் கூப்பிட்டேன். சேஸி வெல்டிங்கை நீங்களும் அப்படியே விடுவது நல்லது. தொடங்கும் முன் பற்றரி வயர் இரண்டையும் கழற்றி, டீசல் தாங்கியை வண்டியிலிருந்தே தள்ளி வையுங்கள். சேஸி இலக்கம் அடித்த இடத்தில் கிரைண்டரோ பட்டியோ படவே கூடாது, அதைத் துணியால் துடைத்து, மறையாதபடி மெல்லிசாகப் பூசி விடுங்கள்.

ஒட்டிய இடத்துக்கு அன்றைக்கே எபொக்ஸி பிரைமர் பூசுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் வெள்ளவத்தையில் காலையில் அது செம்மஞ்சளாக நிற்கும். பட்டி 3 மில்லிமீற்றருக்கு மேல் போகக் கூடாது. பட்டியைத் தண்ணீர் போட்டுத் தேய்க்காதீர்கள், அது ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். 80, 180, 320 என்று காய்ந்த சான்ட் பேப்பரால் தேய்த்து, பிரைமர் அடித்த பிறகுதான் தண்ணீர்ப் பேப்பர்.

கடைசிப் பெயின்டை வீட்டில் அடிக்க வேண்டாம் என்பது என் கருத்து. ஹார்ட்னர் கலந்த டூ-கே பெயின்டின் புகை நுரையீரலுக்குக் கூடாது, சாதாரண மாஸ்க் அதைத் தடுக்காது. போதாததற்கு நான் பிரைமர் அடித்த பின்னேரம் காற்றுத் திரும்பி, பக்கத்து வீட்டு அன்ரியின் கொடியில் காய்ந்த சேலையில் சாம்பல் புள்ளி விழுந்துவிட்டது. இன்னும் கதைக்கிறா இல்லை. கராஜில் கொடுத்தாலும் ஜனவரி முதல் மார்ச் வரையான காய்ந்த நாட்களாகப் பார்த்துக் கொடுங்கள், மழை ஈரத்தில் அடித்தால் பெயின்ட் வெள்ளையாகப் பூக்கும். நிறத்தை மாற்றினால் பதிவிலும் மாற்ற வேண்டும், அலைச்சல் வேண்டாமென்றால் பழைய நிறத்தையே அடியுங்கள்.

சேஸிக் குழாய்க்குள்ளும் கதவுக்குள்ளும் மெழுகு ஸ்பிரே அடியுங்கள். பழைய எஞ்சின் ஒயிலை ஊற்றச் சொல்வார்கள், அது ரப்பர் புஷ்களைக் கெடுக்கும், முற்றத்தையும் நாறடிக்கும். கதவின் அடியில் உள்ள சின்ன ஓட்டைகளை மெழுகு அடைத்துவிடாமல் கம்பியால் குத்தித் திறந்து விடுங்கள்.

புகைப் பரிசோதனைக்கு எஞ்சினை நல்ல சூட்டோடு கொண்டு போங்கள். எயார் பில்டர் புதிதாக இருக்கட்டும். அங்கே அக்ஸிலரேட்டரைத் தரையோடு மிதித்துப் புகையை அளப்பார்கள், டைமிங் பெல்ட்டை முதலிலேயே மாற்றச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். எனக்கு முன்னால் நின்ற பழைய வான் ஒன்று அந்த மிதியில்தான் நின்றது, தள்ளிக்கொண்டு வெளியே போனார்கள். அது முடிந்து வருமான அனுமதிப்பத்திரமும் எடுத்து 500 கிலோமீற்றர் ஓடிய பிறகு, ஒயிலை மாற்றி, பெட்டி போல்ட்டுகளையும் வில் தகட்டின் யூ போல்ட்டுகளையும் ஒருக்கால் இறுக்கிப் பாருங்கள். என்னுடையதில் மூன்று இளகியிருந்தன.