ஜரதுஷ்டிர சமயத்தைப் பற்றி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பண்டைய சமயங்களைப் பற்றி எழுதத் தொடங்கும் இளையோர் தம் கட்டுரைகளைத் திருத்தித் தருமாறு என்னிடம் கொண்டுவருவதுண்டு. பண்டைய ஈரானில் ஜரதுஷ்டிரர் நிறுவிய ஜரதுஷ்டிர சமயம் என்றால், எங்கள் தலைமுறை தொடக்கத்தில் செய்த அதே பிழைகள் மாறாமல் திரும்ப வருகின்றன. பெயர்ப் பிழை, ஆண்டுப் பிழை போன்றவற்றை எவரும் கண்டு திருத்திவிடலாம் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

இரண்டு நவ்ரோஸ்களை ஒன்றாக்குவது

ஈரானில் நவ்ரோஸ், பகலும் இரவும் சமமாகும் மார்ச் 20 அல்லது 21 அளவில் பிறக்கும் இளவேனிற் புத்தாண்டு. ஈரானிலிருந்து வந்து குடியேறிய ஜரதுஷ்டிரரின் வழிவந்த இந்தியப் பார்சிகளில் பெரும்பாலோரின் புத்தாண்டோ ஆகஸ்ட் நடுவில் வருகிறது. அவர்கள் பின்பற்றும் ஷாஹன்ஷாஹி நாட்காட்டியில் ஆண்டுக்கு 365 நாட்கள் மட்டுமே, மிகுநாள் சேர்க்கப்படுவதில்லை. அதனால் புத்தாண்டு நான்கு ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் நகர்ந்து, இளவேனிலை விட்டு வெகுதூரம் விலகிவிட்டது. 1745இல் சூரத்தில் ஈரானியரின் கணக்கை ஏற்றுப் பிரிந்த கத்மி பிரிவினருக்கு அது மேலும் 30 நாட்கள் முன்னதாகவே வந்துவிடும். 1906இல் தோன்றிய ஃபஸ்லி முறையே மார்ச் 21இல் நிலைத்து நிற்கிறது. இந்தக் கணக்கை அறியாமல், ஆகஸ்ட் நவ்ரோஸை நம் நாட்டு மழைக்கால விழாக்களோடு இணைத்துப் பக்கம் பக்கமாக விளக்கம் எழுதுகிறார்கள். ஆகஸ்டில் அது வருவதற்குக் காரணம் பருவமன்று, நாட்காட்டி.

பதேதி வாழ்த்து

பதேதி, ஆண்டின் கடைசி நாளில் பாவங்களுக்காக வருந்துவது. வாழ்த்து மறுநாளான புத்தாண்டுக்கு உரியது.

ஒப்புமையைக் கண்டவுடன் கடன் என்று தீர்ப்பளிப்பது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுவே. திறமையான இளைஞர் ஒருவர், ஒரு பக்கம் ஜரதுஷ்டிர நம்பிக்கைகளையும் மறுபக்கம் யூத, கிறிஸ்தவ நம்பிக்கைகளையும் நிரல்படுத்தி ஒரு நூல் எழுதினார். இறந்தோர் எழுதல், இறுதித் தீர்ப்பு, கன்னியிடம் பிறக்கும் மீட்பர், தீய ஆவி என ஒவ்வொன்றுக்கும் இணை காட்டி, பின்னவை அனைத்தும் முன்னவற்றின் நகல் என்று முடித்திருந்தார். அவர் ஜரதுஷ்டிரருக்கு உரியதாக எடுத்தவை அனைத்தும் புந்தஹிஷ்ன் என்னும் பஹ்லவி (இடைக்காலப் பாரசீக மொழி) நூலிலிருந்து வந்தவை. அந்நூல் இன்றுள்ள வடிவில் கி.பி. 9ஆம் நூற்றாண்டளவில் தொகுக்கப்பட்டது. வாசகர் ஒருவர் அக்காலத்தைச் சுட்டிக் கேட்டபோது மறுமொழி இல்லை. மறுபதிப்பில் இரண்டு இயல்கள் நீக்கப்பட்டன. அவற்றிலிருந்த வலுவான வாதங்களும் அவற்றோடு போய்விட்டன என்பதுதான் என் வருத்தம்.

நூல் பிந்தியது என்பதால் அதிலுள்ள நம்பிக்கையும் பிந்தியது என்று எதிர்த்திசையில் ஓடுவதும் பிழையே. ஜரதுஷ்டிரரின் பாடல்களாகக் கருதப்படும் காதாக்கள், அச்சமயத்தின் மறைநூலான அவெஸ்தாவின் மிகப் பழைய பகுதி; அவற்றின் மொழி இருக்குவேத மொழிக்கு மிக நெருங்கியது. இஸ்லாத்துக்கு முன் ஈரானை ஆண்ட சாசானியர் காலத்தில் தனி எழுத்து வகுக்கப்படும் வரை அவை நூற்றாண்டுக் கணக்கில் வாய்மொழியாகவே காக்கப்பட்டன. எனவே ஒவ்வொரு நம்பிக்கைக்கும் கிடைக்கும் மிகப் பழைய சான்று எது என்று தனித்தனியே தேட வேண்டும். மாந்தர் மீண்டும் உயிர்பெற்று அழிவின்றி வாழ்வர் என்பது மாகியர் எனப்படும் ஈரானியப் பூசாரிகளின் கொள்கை என்று, கி.மு. 4ஆம் நூற்றாண்டினரான கிரேக்க வரலாற்றாசிரியர் தியோபொம்பஸ் எழுதியதைப் பிற்காலக் கிரேக்க எழுத்தாளர் தியோகெனஸ் லயர்தியஸ் பதிவு செய்திருக்கிறார். யூத மறைநூல்களில் இறந்தோர் எழுவதைத் தெளிவாகக் கூறும் தானியேலின் பகுதி கி.மு. 2ஆம் நூற்றாண்டினது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. கி.மு. 539இல் சைரஸ் பாபிலோனைக் கைப்பற்றியது முதல் இரு நூற்றாண்டுகள் யூதர் பாரசீக ஆட்சியில் வாழ்ந்ததால், தொடர்புக்கு இடமும் இருந்தது. பண்டைய யூத நூலான தோபித்தில் வரும் அஸ்மோதேயு என்னும் பேய் இதைவிட வலுவான சான்று. அப்பெயரை அவெஸ்தாவில் சினத்தின் பேயான அயேஷ்மாவோடு பல அறிஞர் இணைக்கின்றனர்; அப்பேய் வரும் பகுதியும் ஈரானின் மேதிய நாட்டு எக்பத்தானாவில் நிகழ்கிறது. ஏரியில் நீராடும் கன்னியிடம் மீட்பர் பிறக்கும் கதையோ பிற்கால நூல்களில்தான் விரிகிறது. காதாக்களில் மீட்பரைக் குறிக்கும் சவோஷ்யந்த் என்னும் சொல் பலரைக் குறித்தும் வருகிறது. இவை அனைத்தையும் ஒரே எடையில் நிறுத்தக் கூடாது.

வேதத்தோடு ஒப்பிடும்போது இத்தவறு வேறு வடிவம் எடுக்கிறது. அவெஸ்தாவின் ஹவோமா என்னும் சடங்குப் பானமும் வேதத்தின் சோமமும், யஸ்னா என்னும் வழிபாடும் யக்ஞமும் ஒன்றிலிருந்து மற்றொன்று எடுக்கப்பட்டவை அல்ல. இரண்டும் பொதுவான இந்தோ-ஈரானிய மரபிலிருந்து வந்தவை. கடன் என்று சொல்வது, ஒரு பாட்டனின் இரு பேரர்களைக் கண்டு ஒருவனை மற்றவனின் மகன் என்பதற்கு ஒப்பாகும். கி.மு. 14ஆம் நூற்றாண்டில் மேற்காசியாவின் மித்தானி அரசு செய்த உடன்படிக்கை மித்திரன், வருணன், இந்திரன், நாசத்தியர் ஆகியோரைச் சாட்சிகளாக அழைக்கிறது. அவெஸ்தாவின் ஒரு பகுதியான வெந்திதாத் நூலிலோ இந்திரனும் நாசத்தியரோடு ஒப்புடைய நாங்ஹைத்யனும் பேய்களாகிவிட்டனர், மித்திரன் அவெஸ்தாவில் வணக்கத்துக்குரியவனாகவே நீடிக்கிறான். ஆராய வேண்டியது இந்தப் பிரிவு எவ்வாறு நேர்ந்தது என்பதையே.

கிறிஸ்துமஸ், மித்ராஸின் பிறந்தநாளா?

டிசம்பர் 25 ரோமானியர் வழிபட்ட மித்ராஸ் என்னும் தெய்வத்தின் பிறந்தநாள் என்பதற்குப் பழைய சான்று இல்லை. ரோமானியரின் காளையைக் கொல்லும் மித்ராஸை அவெஸ்தாவின் மித்திரனோடு ஒன்றாக்கவும் வேண்டாம்.

நெருப்பை வணங்குவோர்

ஜரதுஷ்டிர சமயத்தவரை இப்படி எழுதாதீர்கள். வழிபடப்படுபவர் அவர்களின் கடவுளான அஹுரா மஸ்தா.

கோயில்களைக் கலந்து வருணிப்பது

ஈரானின் யஸ்த் நகரத் தீக்கோயிலில் பிற சமயத்தவரும் கண்ணாடிக்கு அப்பால் எரியும் தீயைக் காணலாம். இந்தியாவில் அவ்வாறன்று, குஜராத்தின் உத்வாடாவிலுள்ள ஈரான்ஷா தீக்கோயிலாயினும், சென்னை இராயபுரத்தில் 1910இல் எழுந்த கோயிலாயினும், பார்சி அல்லாதார் கருவறைத் தீயைக் காண இயலாது. ஆதலால் யஸ்தில் கண்டதை உத்வாடாவில் கண்டதாக எழுதினால், பார்சி வாசகர் முதல் பத்தியிலேயே கட்டுரையை மூடிவிடுவார்.