மூன்று வருட பி.காம் வைத்துக்கொண்டு டர்பனில் எம்பிஏ சேர்வது எப்படி

போன மாதம் என் எம்பிஏ ஆய்வறிக்கையை ஒப்படைத்தேன். முதல் விண்ணப்பம் திரும்பி வந்த நாளிலிருந்து எண்ணினால் நான்கு வருடம் ஆகிறது. அதில் ஒரு முழு வருடம் வீணாய்ப் போனதற்கு ஒரே காரணம், நான் கேட்க வேண்டிய முதல் கேள்வியைக் கடைசியில் கேட்டதுதான். இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் எனக்குத் தெரிந்த நாலைந்து பேர் அதே இடத்தில் நிற்பதைப் பார்க்கிறேன். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எம்பிஏ தேவையா, எந்தத் துறை நல்லது என்பதெல்லாம் நீங்களே யோசித்து முடித்திருப்பீர்கள். நேரே வேலைக்குப் போவோம்.

படி 1: உங்கள் பட்டம் எந்த நிலை என்று பாருங்கள்

கல்லூரி தேடுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். தென்னாப்பிரிக்காவில் ஒவ்வொரு படிப்புக்கும் தேசியத் தகுதிக் கட்டமைப்பில் ஒரு நிலை எண் உண்டு, எல்லாரும் என்.க்யூ.எஃப் என்றே சொல்வார்கள். மெட்ரிக், அதாவது இங்கத்திய பன்னிரண்டாம் வகுப்பு, நிலை 4. மூன்று வருட இளங்கலை நிலை 7. இளங்கலைக்குப் பின் ஒரு வருடம் படிக்கும் ஹானர்ஸும் முதுநிலை டிப்ளமாவும் நிலை 8. எம்பிஏ நிலை 9. ஏழிலிருந்து ஒன்பதுக்குத் தாவ முடியாது.

என்னை ஏமாற்றியது இந்த இடம்தான். என் மாமனார் வீட்டில் எல்லாரும் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். கணவரின் அண்ணன் பல வருடங்களுக்கு முன் பி.காம் முடித்ததும் நேராக எம்பிஏ சேர்ந்தவர். "டிகிரி இருக்கு, அனுபவம் இருக்கு, போட்டுவிடும்மா" என்றார். அவர் சொன்னது அவர் காலத்துக்குச் சரி. 2013-இல் உயர்கல்வித் தகுதிக் கட்டமைப்பைத் திருத்திய பிறகு, பழைய எம்பிஏக்கள் ஒவ்வொன்றாக நிலை 9-க்கு மாறின. அதற்கு முன் படித்த அண்ணன்மார் அக்காமார் சொல்லும் அறிவுரை எவ்வளவு பாசத்தோடு வந்தாலும் சேர்க்கை விதியை மட்டும் கல்லூரியிடமே கேளுங்கள்.

இந்தியாவில் படித்தவர்கள் இன்னொரு வேலையும் செய்ய வேண்டும். தென்னாப்பிரிக்கத் தகுதி ஆணையம், அதாவது சாக்வா, உங்கள் வெளிநாட்டுப் பட்டத்தை மதிப்பிட்டு நிலை எண்ணோடு ஒரு சான்றிதழ் தரும். மதுரைப் பக்கம் படித்த என் பி.காம் நிலை 7 என்று வந்தது. அந்தத் தாள் இல்லாமல் நான் கட்டிய முதல் விண்ணப்பக் கட்டணம் போனது போனதுதான்.

படி 2: பெயர்ச் சிக்கலை முன்கூட்டியே தீருங்கள்

நம்மவர்களுக்கென்றே இருக்கிற தொல்லை இது. பட்டச் சான்றிதழில் ஓர் இனிஷியலும் பெயரும் இருக்கும். பாஸ்போர்ட்டில் அந்த இனிஷியல் அப்பாவின் முழுப் பெயராக விரிந்திருக்கும். இங்கே கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த அடையாள அட்டையில் கணவர் வீட்டுக் குடும்பப் பெயர் வந்து உட்கார்ந்திருக்கும். பார்க்கிற அதிகாரிக்கு மூன்று தாளும் மூன்று பெண்கள். சாக்வா உங்கள் பட்டம் உண்மையா என்று பட்டம் கொடுத்த பல்கலைக்கழகத்திடமே கேட்கும். பெயர் பொருந்தாவிட்டால் பதில் வராது, கோப்பு அப்படியே கிடக்கும். என் கோப்பு ஐந்து மாதம் கிடந்தது.

செய்ய வேண்டியது எளிது. பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் ஓர் அஃபிடவிட் எழுதுங்கள்: இந்த மூன்று பெயரும் ஒரே ஆளைத்தான் குறிக்கின்றன, எங்கள் வழக்கத்தில் இனிஷியல் என்பது தகப்பன் பெயரின் முதலெழுத்து, குடும்பப் பெயர் அல்ல என்று. திருமணச் சான்றிதழ் நகலையும் சேர்த்துக் கட்டுங்கள். சான்றளித்த நகல்களையும் அங்கேயே முத்திரை வைத்து வாங்கிவிடலாம். காசு கேட்க மாட்டார்கள். மூன்று மாதத்துக்கு மேல் பழைய முத்திரையைப் பல கல்லூரிகள் ஏற்பதில்லை; ஆகவே ஒரே நாளில் இருபது நகல் எடுத்து அடுக்கி வைக்காதீர்கள்.

படி 3: நிலை 8-ஐ முடியுங்கள்

முதுநிலை டிப்ளமா 120 கிரெடிட். ஒரு கிரெடிட் என்றால் பத்து மணி நேர உழைப்பு என்று கணக்கு. ஆக 1,200 மணி நேரம். வேலைக்குப் போய்க்கொண்டு ஒரு வருடத்தில் முடித்தால் வாரத்துக்கு 23 மணி நேரம் வரும். நான் முடித்தேன். ஆனால் அது 2023, மின்வெட்டு ஆறாம் கட்டம் வரை போன வருடம். எஸ்காம்செபுஷ் செயலியில் அட்டவணையைப் பார்த்துவிட்டுத்தான் சமையலா படிப்பா என்றே முடிவு செய்வேன். சின்ன யூபிஎஸ் ஒன்று வாங்கி வைஃபை ரவுட்டருக்கு மட்டும் போட்டுவிடுங்கள். மடிக்கணினி தன் பேட்டரியில் ஓடும்.

வணிக நிர்வாகத்தில் முதுநிலை டிப்ளமா எடுப்பதுதான் நல்லது என்பது என் கருத்து. வேறு துறையில் ஹானர்ஸ் செய்தாலும் கதவு திறக்கும், ஆனால் கணக்குப் பதிவியலையும் நிதியையும் எம்பிஏவில் முதல் முறையாகச் சந்திக்கும்போது மூச்சு முட்டும்.

டிப்ளமா செய்யாமல் முன்கற்றல் அங்கீகாரம் வழியாகப் போக முடியாதா என்று கேட்பவர்களுக்கு: முடியும். நீண்ட மேலாண்மை அனுபவத்தை ஆவணங்களோடு நிரூபிக்க வேண்டும். ஆனால் ஒரு படிப்பில் சேரும் கூட்டத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் அந்த வழியில் எடுக்கக்கூடாது என்று உயர்கல்வி மன்றத்தின் கொள்கை சொல்கிறது. அதை நம்பி ஒரு வருடத்தைப் பணயம் வைக்காதீர்கள்.

படி 4: கல்லூரி

டர்பனிலேயே இருக்க விரும்பினால் குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வணிக, தலைமைத்துவப் பட்டமேற்படிப்புப் பள்ளி வெஸ்ட்வில் வளாகத்தில் இருக்கிறது. தொலைநிலையில் படிக்க மான்கோசா, ரீஜென்ட் இரண்டும் டர்பனில் தொடங்கியவை. தொலைநிலைப் பல்கலைக்கழகமான யூனிசாவின் மேலாண்மைப் பள்ளி ஜோஹன்னஸ்பர்க் பக்கம் மிட்ரண்டில். கேப் டவுன், ஸ்டெலன்போஷ் பள்ளிகளுக்கு ஏ.எம்.பி.ஏ, ஈக்விஸ், ஏ.ஏ.சி.எஸ்.பி என்ற மூன்று சர்வதேச அங்கீகாரங்களும் உண்டு. வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால் அது உதவும். இங்கேயே துறைமுகத்திலோ வங்கியிலோ வேலை பார்ப்பவர் அதற்காகக் கடன்படத் தேவையில்லை.

எந்தக் கல்லூரியானாலும் அந்தப் படிப்புக்குச் சாக்வா பதிவு எண் இருக்கிறதா என்று சாக்வா தளத்திலேயே தேடிப் பாருங்கள். எண் இல்லையா, எழுந்து வந்துவிடுங்கள்.

ஜிமேட் நுழைவுத் தேர்வு கேட்கும் பள்ளி என்றால், இப்போதைய தேர்வு இரண்டேகால் மணி நேரம். மூன்று பகுதி, ஒவ்வொன்றும் 45 நிமிடம். மதிப்பெண் 205 முதல் 805 வரை. கணக்குப் பகுதியில் கால்குலேட்டர் கிடையாது. மதிப்பெண் ஐந்து வருடம் செல்லும். வேலை அனுபவம் மூன்று வருடமாவது கேட்பார்கள்.

ஜனவரி சேர்க்கைக்கு, புரட்டாசி விரதம் முடிவதற்குள் விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று நான் கணக்கு வைத்துக்கொண்டேன். விரதம் முடிந்தால் தீபாவளி வேலை, அது முடிந்தால் டிசம்பரில் அலுவலகங்களே மூடிவிடும்.

படி 5: பணம்

உங்கள் நிறுவனத்திடம் கேளுங்கள். கூச்சப்படாதீர்கள். படிப்பை முடிக்காவிட்டால் பணத்தைத் திருப்பித் தருவேன் என்ற ஒப்பந்தம் இருந்தால், ஊழியருக்கு நிறுவனம் கட்டும் கட்டணம் வருமான வரிச் சட்டம் 10(1)(க்யூ) பிரிவின்படி உங்கள் சம்பளத்தோடு சேர்ந்து வரிக்குள் வராது. அந்த ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்குங்கள்.

படி 6: உள்ளே போன பிறகு

எம்பிஏ 180 கிரெடிட், அதாவது 1,800 மணி நேரம். இரண்டு வருடத்துக்குப் பிரித்தால் வாரம் பதினேழு மணிக்குச் சற்று மேல்.

நிதிப் பாடத்துக்கு ஷார்ப் ஈ.எல்.738 கால்குலேட்டர் வாங்குங்கள். கைபேசிச் செயலியைத் தேர்வறைக்குள் விட மாட்டார்கள். வாங்கியதும் ஆண்டுக்கு எத்தனை தவணை என்ற அமைப்பைப் பாருங்கள். ஒரு லட்சம் ராண்ட் கடன், ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, 60 மாதம். தவணை 12 என்று அமைத்திருந்தால் மாதம் 2,224.44 ராண்ட் என்று வரும், முன்னால் கழித்தல் குறியோடு. உங்கள் கையை விட்டுப் போகிற பணம் என்பதால் அந்தக் குறி. அமைப்பு 1-இல் இருந்தால் 12,013 ராண்டுக்கு மேல் காட்டும். முதல் தேர்வில் அந்தப் பெரிய எண்ணை நம்பிப் பத்து மதிப்பெண் விட்டேன்.

மேற்கோள்களைச் சேகரித்து அடுக்க ஜொடீரோ என்ற மென்பொருள். இலவசம், இணையம் இல்லாதபோதும் வேலை செய்யும்.

ஆய்வறிக்கை படிப்பில் கால் பங்காவது இருக்கும். துறைமுக வாசலில் லாரிகள் காத்திருக்கும் நேரத்தைப் பற்றி எழுதினேன். ஓட்டுநர்களிடம் ஒரு கேள்வி கேட்பதற்கு முன்னாலேயே நிறுவனத்தின் அனுமதிக் கடிதமும் பல்கலைக்கழகத்தின் நெறிமுறை ஒப்புதலும் கையில் இருக்க வேண்டும். அதற்கு முன் சேகரித்த தரவைப் பயன்படுத்த முடியாது. கேட்கீப்பர் லெட்டர் என்று இங்கே சொல்லும் அந்த அனுமதிக் கடிதத்தை முதல் வருடமே கேட்டு வாங்கிவிடுங்கள்.

பிற்சேர்க்கை

இதைப் படித்துவிட்டு இரண்டு பேர் எழுதினார்கள். நான்கு வருட பி.இ. வைத்திருக்கும் தம்பி, தனக்கும் டிப்ளமா வேண்டுமா என்று கேட்டார். வருடத்தை எண்ணி முடிவு செய்யாதீர்கள் தம்பி. சாக்வா சான்றிதழில் 8 என்று இருந்தால் வேண்டாம், 7 என்றால் வேண்டும்.

இங்கேயே பிறந்த அக்கா ஒருவர் இங்கேயே வாங்கிய பழைய தென்னாப்பிரிக்க பி.டெக் வைத்திருக்கிறார். நான்கு வருடம் படித்ததால் ஹானர்ஸுக்குச் சமம் என்று நினைத்திருந்தார். அக்கா, இங்கத்திய பி.டெக் நிலை 7-தான். நீங்கள் படி 3-இலிருந்து தொடங்குங்கள். சாக்வா மதிப்பீடு உங்களுக்குத் தேவையில்லை, அதனால் எனக்குப் போன அந்த ஐந்து மாதம் உங்களுக்குப் போகாது.