முதலில் பிஸ்டன், பிறகுதான் போரிங்

புது பிஸ்டன் செட் கைக்கு வராமல் எஞ்சின் பிளாக்கைப் போரிங்குக்கு, அதாவது தேய்ந்த சிலிண்டர் துளையைக் கடைந்து பெரிதாக்கும் வேலைக்கு, கொடுக்காதீர்கள். பெட்டியில் 0.50 ஓவர்சைஸ் (அசல் அளவைவிட 0.50 மி.மீ. பெரியது) என்று போட்டிருந்தாலும், கம்பெனிக்குக் கம்பெனி உண்மையான அளவு நூலிழை மாறும். பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளியோ சாதா வார்ப்புப் பிஸ்டனுக்குச் சுமார் 0.03 முதல் 0.05 மி.மீ. மட்டுமே. ஃபோர்ஜ்டு (அழுத்தி அடித்து உருவாக்கிய) பிஸ்டன் சூட்டில் அதிகம் விரியும், பெரும்பாலும் 0.07 முதல் 0.10 வரை கேட்கும். இடைவெளி குறைந்தால் ஸ்கர்ட் (பிஸ்டனின் கீழ்ப்பகுதிச் சுவர்) உரசிப் பிடித்துக்கொள்ளும், கூடினால் குளிர்ந்த எஞ்சினில் தட்டல் கேட்கும். எந்த வகையானாலும் செட்டோடு வரும் தாளில் உள்ள எண்ணே கடைசி வார்த்தை.

மைக்ரோமீட்டரை, பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் பின்னுக்குக் குறுக்காக, தாள் சொல்லும் உயரத்தில் ஸ்கர்ட்டில் வையுங்கள். பிஸ்டன் முழு வட்டமல்ல, மேலே போகப்போகச் சிறுக்கும். வெயிலில் கிடந்த பிஸ்டனை உடனே அளக்கவே கூடாது: 84 மி.மீ. அலுமினியம் 15 டிகிரி சூடேறினாலே 0.025 மி.மீ. பெருத்துவிடும். செட்டில் உள்ள ஒவ்வொரு பிஸ்டனையும் தனித்தனியே அளந்து, தலையில் சிலிண்டர் எண் எழுதிவிடுங்கள்.

நிக்கசில் (நிக்கல், சிலிக்கான் கார்பைடு கலந்த கடினமான) பூச்சுள்ள சிலிண்டருக்கு இந்தப் போரிங் முறை பொருந்தாது. அதைச் சாதாரணமாகப் போரிங் போட்டால் பூச்சே போய்விடும்.