குடியை நிறுத்தும் மாத்திரை: வீட்டில் நடக்கும் தவறுகள்

கார்த்திகை முதல் தேதி சித்தப்பா மாலை போட்டார். இருபது வருஷமாகத் தினமும் குடித்தவர், முந்தின நாள் ராத்திரியோடு சரி என்று சொல்லிவிட்டார். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். மத்தியானமே விரல் நடுங்க ஆரம்பித்தது. சாயங்காலம் விபூதி பூசும்போது நெற்றியில் கோடு நேராக வரவில்லை, வேர்வை வேறு. தூக்கம் வராது போலிருக்கிறதே என்று தெருமுனை மெடிக்கலில் ஒரு அட்டை தூக்க மாத்திரை வாங்கி, ராத்திரி ஒன்றைப் போட்டுக்கொண்டு படுத்தார். விடியற்காலை குளிக்கப் போனவர் குளியலறை வாசலிலேயே விழுந்தார். கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. யாரோ ஓடிவந்து கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள்.

ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “கடைசியா எப்போ குடிச்சார்?”

“இப்பல்லாம் குடிக்கிறதே இல்லைங்க, விட்டுட்டார்” என்று சித்தி பெருமையாகத்தான் சொன்னார்.

“அதாம்மா கேக்கிறேன். எப்போ விட்டார்?”

குடித்தால் ஆபத்து என்பது ஊருக்கே தெரியும். தினமும் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்திய முதல் நான்கைந்து நாளும் ஆபத்துதான் என்பது பல வீடுகளுக்குத் தெரியாது. அந்த நாட்களைத் தாண்ட மாத்திரை இருக்கிறது. நல்ல மாத்திரைதான், அறுபது வருஷத்துக்கு மேலாகப் பழகினது. ஆனால் எதை, எப்போது, யார் கையால், எத்தனை நாள் என்பதில்தான் வீடுகள் தடுக்கி விழுகின்றன.

முதல் தவறு, இதை மன உறுதி சம்பந்தப்பட்ட விஷயமாக மட்டும் பார்ப்பது. கோவிலில் கயிறு கட்டியாகிவிட்டது, மாலை போட்டாகிவிட்டது, இனி சாமி பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறோம். விரதம் மனசைக் கட்டும், நரம்பைக் கட்டாது. மூளைக்குள் காபா என்கிற பொருள் பிரேக் மாதிரி, குளூட்டமேட் ஆக்ஸிலரேட்டர் மாதிரி. சாராயம் தினமும் பிரேக்கை அழுத்திக்கொண்டே இருக்க, மூளை ஈடுகட்டுவதற்காக ஆக்ஸிலரேட்டரை மெல்ல மெல்ல முறுக்கி வைத்துக்கொள்கிறது. குடி நின்ற அன்று பிரேக்கிலிருந்து கால் எடுத்தாயிற்று, முறுக்கின கை முறுக்கினபடியே இருக்கிறது. வண்டி பிய்த்துக்கொண்டு போகாமல் என்ன செய்யும்?

கடைசி மடக்கிலிருந்து சுமார் 6 மணி நேரத்தில் நடுக்கம், வேர்வை, குமட்டல், படபடப்பு. 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இல்லாத குரல் கேட்பதும், இல்லாத உருவம் தெரிவதும் இதே நேரத்தில்தான். 48-லிருந்து 96 மணி நேரத்துக்குள் வரக்கூடியது டெலிரியம் என்கிற பெரிய குழப்பம். எல்லோருக்கும் எல்லாம் வராது. நிறையப் பேர் நடுக்கத்தோடு தப்பித்துவிடுவார்கள். யார் தப்பிப்பார் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது என்பதுதான் சிக்கல்.

“நல்லா சாப்பாடு போட்டா சரியாயிடும்” என்பார்கள். 1955-ல் அமெரிக்காவில் லெக்சிங்டன் என்ற ஊரில் ஹாரிஸ் இஸ்பெல் என்ற மருத்துவரின் குழு, சம்மதித்து வந்த சிலருக்கு வாரக்கணக்கில் மது கொடுத்து, ஒரே நாளில் நிறுத்திப் பார்த்தது. (இன்றைக்கு இப்படி ஒரு ஆய்வுக்கு யாரும் அனுமதி தரமாட்டார்கள்.) சாப்பாட்டுக்கும் வைட்டமினுக்கும் குறையே வைக்கவில்லை. அப்படியும் வலிப்பு வந்தது, டெலிரியம் வந்தது.

இனி மாத்திரை. 1960-ல் லிப்ரியம் என்ற பெயரில் வந்த குளோர்டயாசிபாக்சைடு, அதற்குப் பின் வந்த டயாசிபாம், லோராசிபாம் எல்லாம் ஒரே குடும்பம். சாராயம் எந்தப் பிரேக்கை அழுத்தியதோ அதே பிரேக்கை இவையும் அழுத்துகின்றன. முதல் நாள் போதுமான அளவு கொடுத்து, பிறகு நாளுக்கு நாள் குறைத்து, ஒரு வாரம் பத்து நாளில் முடித்துவிடுவார்கள். மாடிப்படியில் ஆளைப் பிடித்து இறக்குகிற மாதிரி. சித்தப்பா ராத்திரி போட்ட ஒற்றை மாத்திரை தூக்கத்துக்கு ஆனது; நாள் முழுக்கத் தேவைப்படும் காவலுக்கு அது எந்த மூலைக்கு?

சரி, எவ்வளவு போட வேண்டும்? அதை இங்கே எழுதப்போவதில்லை. தினமும் ஒரு குவார்ட்டர் அடிப்பவருக்கும் ஒரு ஃபுல் முடிப்பவருக்கும் அளவு ஒன்றல்ல. கல்லீரல் கெட்டவருக்குக் குளோர்டயாசிபாக்சைடும் டயாசிபாமும் உடம்பிலேயே தேங்கி, மூன்றாம் நாள் எழுப்ப முடியாத தூக்கத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். அவர்களுக்கு லோராசிபாம் மாதிரி ஒன்றைத்தான் டாக்டர்கள் தேர்ந்தெடுப்பார்கள். வயதானவருக்கு அளவு குறையும். பக்கத்து வீட்டுக்காரரின் பழைய சீட்டை வாங்கிப்போய் அதே மாத்திரையை வாங்குவது அவருடைய கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொள்வதைவிட மோசம். இந்த வகை மாத்திரைகளில் பல 2014 மார்ச்சிலிருந்து ஷெட்யூல் ஹெச்1 பட்டியலில் இருக்கின்றன. சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது, வாங்கியவர் விவரத்தைக் கடைக்காரர் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். இதெல்லாம் சட்டத்தில்.

டாக்டரிடம் பாதி மறைப்பது அடுத்தது. “எப்பவாவது சார், ஒரு கட்டிங்.” கூச்சம் புரிகிறது. ஆனால் அளவைக் குறைத்துச் சொன்னால் மருந்தும் குறைவாகத்தான் வரும். நம்மூர் பிராந்தி, விஸ்கியில் 42.8 சதவீதம் சாராயம். 180 மில்லி குவார்ட்டர் ஒன்றில் ஏறக்குறைய 60 கிராம் சுத்தமான ஆல்கஹால் இருக்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை குவார்ட்டர், காலையிலேயே ஆரம்பிக்கிறாரா, கடைசியாக எந்த நேரம், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா, மஞ்சள் காமாலை உண்டா, வேறு என்ன மாத்திரை ஓடுகிறது? ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எழுத வேண்டியது குடிப்பவர் மட்டுமல்ல, கூட இருப்பவரும். இரண்டு கணக்கும் பெரும்பாலும் ஒத்துப்போகாது.

இதே தவறு வேறு வார்டுகளிலும் நடக்கிறது. கால் முறிந்து எலும்பு வார்டில் சேர்த்திருப்பார்கள். குடிப்பழக்கத்தைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். மூன்றாம் நாள் ராத்திரி ஆள் கட்டுப் போட்ட காலோடு எழுந்து நடக்கப் பார்ப்பார். படுக்கையில் பூச்சி ஊர்கிறது என்று தட்டிவிடுவார். செய்த தொழிலையே படுக்கையில் செய்கிறவர்களும் உண்டு. டிரைவர் காற்றில் கியர் மாற்றுவார். தையல்காரர் போர்வை விளிம்பைப் பிடித்துத் தைத்துக்கொண்டே இருப்பார், பல்லால் நூலைக் கடித்து அறுப்பார். பேய் பிடித்துவிட்டது என்று எலுமிச்சம்பழத்தோடு ஆள் வந்துவிடும். இதுதான் டெலிரியம். காய்ச்சலும் நாடித்துடிப்பும் ஏறி, சிகிச்சை இல்லாவிட்டால் உயிரையே எடுத்துவிடும். மாத்திரையை விழுங்க வைத்து வீட்டில் சமாளிக்கும் கட்டம் தாண்டிவிட்டது என்று அர்த்தம்.

மாத்திரையும் போட்டுக்கொண்டு “கொஞ்சமாக” குடிப்பது, ஒருவேளை, எல்லாவற்றிலும் ஆபத்தானது. இரண்டும் ஒரே பிரேக்கை அழுத்துபவை. இரண்டும் சேர்ந்தால் மூச்சே அடங்கிப்போகலாம். அதனால்தான் முழு அட்டையையும் குடிப்பவர் சட்டைப்பையில் விடக்கூடாது என்கிறார்கள். மாத்திரை வேறொருவர் கையில் இருக்க வேண்டும். வேளைக்குக் கொடுக்கும் முன் வாசனை பார்க்க வேண்டும். குடித்திருந்தால் மாத்திரை கிடையாது, டாக்டருக்கு போன். ஆள் தள்ளாடினால், பேச்சு குழறினால், எழுப்பினால் எழாமல் கிடந்தால் அடுத்த வேளையைக் கொடுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு. இந்த நாட்களில் பைக் சாவியும் அதே கையில் இருப்பது நல்லது.

அப்புறம், தப்பான மருந்தைச் சரியான மருந்து என்று நினைப்பது. இதில் முதலிடம் டைசல்ஃபிராமுக்கு. 1948-ல் டென்மார்க்கில் கண்டறிந்த மருந்து இது. சாராயம் உடம்பில் உடையும்போது நடுவில் வரும் அசிட்டால்டிஹைடு என்ற நச்சை மேலே உடையவிடாமல் தடுக்கும். குடித்தால் முகம் சிவந்து, வாந்தி, நெஞ்சுப் படபடப்பு, ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம். தெரிந்தே, சம்மதித்து, குடியை நிறுத்திய பிறகு சாப்பிடுபவருக்கு இது ஒரு வேலி. நம் வீடுகளில் இதைத் தூளாக்கி, தெரியாமல் குழம்பில் கலக்கிறார்கள். “விளம்பரத்தில் வருகிற பவுடர்” என்று வாங்கும் பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறதென்றே தெரியாது. இதயம் பலவீனமான ஆள் குழம்பு சாப்பிட்டுவிட்டு வழக்கம்போல் கடைக்குப் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கடைசியாகக் குடித்து 12 மணி நேரமாவது ஆகாமல் இதைத் தொடவே கூடாது. இந்த மாத்திரையை நிறுத்திய பின்னும் இரண்டு வாரம் வரை இதன் வேலை நீடிக்கும். நடுக்கத்துக்கோ வலிப்புக்கோ இது எந்த விதத்திலும் உதவாது.

நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் இரண்டும் பின்னால் வரும் ஆசையைக் குறைக்கத்தான். முதல் வாரத்து வலிப்பைத் தடுக்காது. புரோப்ரனலால் கை நடுக்கத்தையும் படபடப்பையும் அடக்கும், அதனாலேயே ஆள் தேறிவிட்டார் என்று ஏமாற்றும். உடம்பு வலிக்கு வாங்கும் டிரமடால் வலிப்பைக் கூப்பிட்டுக்கொண்டு வரும். ஆள் கத்துகிறாரே என்று மனநோய்க்கான மருந்தை மட்டும் கொடுப்பதும் அப்படித்தான்: 1969-ல் வெளிவந்த, 537 பேரை வைத்து நடந்த அமெரிக்க ஆய்வில், குளோர்டயாசிபாக்சைடு கொடுத்தவர்களுக்கு வலிப்பு அரிதாகவே வந்தது. குளோர்புரோமசின் என்ற மனநோய் மருந்து கொடுத்தவர்களுக்கோ மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களைவிட அதிகமாக வந்தது.

குளுக்கோஸ் பாட்டில் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆள் சோர்ந்து கிடந்தால் “ஒரு பாட்டில் ஏத்துங்க டாக்டர்” என்று நாமே கேட்கிறோம். பல வருஷம் குடித்தவர் உடம்பில் தயமின், அதாவது வைட்டமின் பி1, வற்றிப்போயிருக்கும். குளுக்கோஸை எரிக்க தயமின் வேண்டும். இருக்கிற கொஞ்சத்தையும் குளுக்கோஸ் தின்றுவிட்டால் மூளையின் சில பகுதிகள் பட்டினியில் சேதமாகும். 1881-ல் கார்ல் வெர்னிக்கே விவரித்த நோய் இது: குழப்பம், கண் அலைபாய்வது, நடை தள்ளாடுவது. குடிபோதை என்றே எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். கவனிக்காமல் விட்டால் ஞாபகம் நிரந்தரமாகப் போய்விடும். அதனால்தான் குளுக்கோஸுக்கு முன்னால், அல்லது கூடவே, தயமின் ஊசி போடுகிறார்கள். கடையில் வாங்கும் பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை இந்த இடத்தில் போதாது. குடியில் புண்ணான குடல் அதைச் சரியாக உறிஞ்சாது.

வீட்டிலேயே மாத்திரையோடு முடித்துவிடலாம் என்பது சிலருக்குத்தான். முன்பு வலிப்போ டெலிரியமோ வந்தவர், மஞ்சள் காமாலைக்காரர், முதியவர், கர்ப்பிணி, தலையில் அடிபட்டவர், தற்கொலை எண்ணம் சொல்பவர், தனியாக வசிப்பவர், வாயில் வாசனை இருக்கும்போதே கை நடுங்குபவர் எல்லோரும் ஆஸ்பத்திரியில் சேர வேண்டியவர்கள். பல தடவை நிறுத்தி, பல தடவை தொடங்கியவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நிறுத்தமும் அடுத்ததைக் கடுமையாக்கும். “போன தடவை ஒண்ணும் ஆகலையே” என்பது இதில் சாட்சியே இல்லை.

டாக்டரைப் பார்க்க முடியாத நிலையில் ஒரேயடியாக நிறுத்துவதும் தவறுதான். 2020 மார்ச்சில் ஊரடங்கோடு மதுக்கடைகள் மூடியபோது கேரளத்தில் நிலைமை எவ்வளவு முற்றியதென்றால், டாக்டர் சீட்டு இருந்தால் மது தரலாம் என்று அரசே உத்தரவு போட்டது. ஏப்ரல் 2-ல் உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. மருத்துவர்கள் எதிர்த்ததில் நியாயம் இருந்தது. மருந்து இருக்கும்போது மதுவை எழுதிக்கொடுப்பானேன்? ஆனால் மருந்து எட்டாத ஒரு கிராமத்து ஆளுக்கு, சிகிச்சை கிடைக்கும்வரை நாளுக்கு நாள் அளவைக் குறைத்துக்கொண்டு வருவது, திடீரென்று நிறுத்துவதைவிடப் பாதுகாப்பு.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய டி.டி.ஆர். அறக்கட்டளையின் மருத்துவமனை இதற்கென்றே இருக்கிறது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் போதை மீட்புக்கான 14446, மனநல உதவிக்கான 14416. வலிப்பு வந்தால், ஆள் குழம்பிப் பேசினால், காய்ச்சல் அடித்தால் யோசிக்காமல் 108. ஆம்புலன்ஸ் வரும்வரை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், வாயில் எதையும் வைக்க வேண்டாம். சாவிக்கொத்து வீட்டைப் பூட்டுவதற்கு.

மிச்சம் இருப்பது முடிவு நாள். நடுக்கம் நின்றதும் மூன்றாம் நாளே மாத்திரையைத் தூக்கிப் போடுகிறவர்கள் ஒரு பக்கம். நல்லாத் தூக்கம் வருகிறதே என்று மாசக்கணக்கில் தொடருகிறவர்கள் இன்னொரு பக்கம். இரண்டாமவர்கள் ஒரு பழக்கத்தைக் கொடுத்து இன்னொன்றை வாங்கியவர்கள். பிறகு அதை நிறுத்தினாலும் அதே நடுக்கம், அதே வலிப்பு.

சித்தப்பா வீடு திரும்பியபோது சீட்டில் ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனியாக எழுதியிருந்தது, ஒவ்வொரு நாளும் அளவு குறைந்துகொண்டே. சித்தி மாத்திரையைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். கொடுத்ததும் சீட்டில் பென்சிலால் ஒரு டிக். கடைசி டிக் விழுந்த மறுநாள் ராத்திரி சித்தப்பா கூடத்தில் வந்து நின்றார்.

“தூக்கமே வரல. ஒண்ணே ஒண்ணு குடேன்.”

“சீட்டுல முடிஞ்சு போச்சுங்க. காலைல ஓ.பி.க்குப் போவோம், டாக்டர்கிட்டயே கேளுங்க.”

மறுநாள் ஏழரைக்கே போய் டோக்கன் வாங்கி உட்கார்ந்தார்கள்.